குடத்துத் தண்ணீரும் குடும்ப நலமும்



டெங்குக் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் பலர் தடுப்பதில்லை? வீடு வீடாகப் போகும்போது எனக்குக் கிடைக்கும் பதில்கள் மூன்று.

முதல் பதில்: "சாக்கடையை அள்ளினாத்தானே கொசு போகும்? அதுக்கு நாங்க என்ன செய்யறது?" சாக்கடையைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் டெங்குக் கொசு தேடுவது பெரும்பாலும் தெளிந்த தண்ணீரை. குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி, ஆட்டுரல், பழைய டயர், கொட்டாங்குச்சி, இவைதாம் அதன் பிறப்பிடம். அது கடிப்பதும் பகலில்.

இரண்டாவது: "நான் மட்டும் செஞ்சு என்ன பலன்? பக்கத்து வீட்டிலேயும் செய்யணுமே!" இந்தக் கொசு வெகு தூரம் பறப்பதில்லை. உங்கள் குழந்தையைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்ததுதான். நீங்கள் தொடங்குங்கள், பிறகு பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது: "நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வருது. அதையும் கீழே கொட்டச் சொல்றீங்களே, சார்?" இப்படிக் கேட்ட ஒரு தாயின் முன் நான் வாயடைத்து நின்றதுண்டு. அவர் கேட்டது நியாயம்.

கொட்ட வேண்டாம். தண்ணீரைத் துணியால் வடிகட்டி வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். துணியில் தங்கும் புழுக்களைக் காய்ந்த மண்ணில் உதறுங்கள். தொட்டியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். கொசு முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்து கிடந்தாலும் பல மாதம் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவிய பின் அதே தண்ணீரை ஊற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தவறாமல் செய்தால் போதும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் எடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெண்கள் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். நிறைந்த டிரம்மைத் தனியாகச் சாய்க்க அவரால் முடியுமா? ஒருவர் சாய்க்க, ஒருவர் தேய்க்க, அரை மணி நேர வேலை.

காய்ச்சல் கண்டால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. இரத்தக் கசிவை அது அதிகமாக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் கூடுதல் கவனம் தேவை.

இன்று வீட்டுக்குப் போனதும் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். புழு நெளிந்தால் நாளைக்கென்று வைக்காதீர்கள்.