தாயைப் பார்த்துக் குட்டியை வாங்குங்கள்



நமது நீலசந்திராவில் வீடுகள் சிறியவை. சந்துகள் குறுகலானவை. ஆனாலும் நாய் வளர்க்கும் ஆசைக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டிலும் அந்த ஆசை வந்தது.

சாலை ஓரத்தில் ஒருவர் கூடையில் நாய்க்குட்டிகளை வைத்து விற்றார். என் மகள் ஒரு குட்டியைத் தூக்கினாள். அதை இறக்கி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இரண்டு மாதக் குட்டி. ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றார் அவர். நான் 4,000 ரூபாய் கொடுத்தேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் குட்டி வாந்தி எடுத்தது. இரத்தமாகக் கழிந்தது. கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் பல்லைப் பார்த்தார். "இது ஒரு மாதக் குட்டிதான். வந்திருப்பது பார்வோ நோய்" என்றார். மறுநாள் குட்டி இறந்தது. விற்றவரைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் அவர் இல்லை. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தவறு விற்றவரிடம் மட்டுமா? கேட்காமல் வாங்கிய என்னிடமும்தான்.

நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்பார்கள். ஆகவே, குட்டி பிறந்த இடத்துக்கே போங்கள். தாய் நாயைப் பாருங்கள். அது எலும்பும் தோலுமாக இருக்கிறதா? கூண்டிலேயே அடைந்து கிடக்கிறதா? தாயைக் காட்ட மறுக்கிறார்களா? அப்படியானால் வாங்காதீர்கள்.

இதற்குச் சட்டமும் உண்டு. நாய் வளர்த்து விற்பதற்கு 2017-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அதுவரை குட்டிக்குத் தாயும் கூடப் பிறந்தவையும் தேவை.

பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். ஊசி அட்டையைக் கேளுங்கள். பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் அதில் இருக்கின்றனவா? தேதியை நாமே படிக்கலாம். வாரத்தை நாமே எண்ணலாம். மற்றவை கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். பணம் கொடுத்ததற்கு ரசீதும் வாங்குங்கள்.

நல்லவர் நம்மையும் கேள்வி கேட்பார். "வீடு எவ்வளவு பெரியது? பகலில் யார் இருப்பார்கள்?" என்பார். கோபப்படாதீர்கள். குட்டி மேல் அக்கறை உள்ளவர்தான் அப்படிக் கேட்பார். ராஜபாளையம், முதோல் போன்ற நாய்களுக்கு ஓட இடம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அவை வாடிவிடும்.

வாங்கிய பிறகும் வேலை உண்டு. மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசிகளைப் போடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மறக்கவே கூடாது. தெருவில் பிறந்த குட்டியை எடுத்து வளர்த்தாலும் இதேதான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதன் ஊசி அட்டையை என் மகள் பத்திரமாக வைத்திருக்கிறாள். அடுத்த ஊசிக்கான தேதியை நான்தான் படித்துச் சொல்கிறேன்.