தெருவின் உரிமையும் நமது வாகனங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)





ஜும்ஆ நாளில் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாகனம் நிறுத்துவது குறித்துச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

சென்னையின் பழைய குடியிருப்புத் தெருக்கள் பல, கார்கள் பெருகுவதற்கு முன்பே அமைந்தவை. 20 அடி அகலமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் கார் நின்றால் ஏறத்தாழ 12 அடி போய்விடும். எஞ்சுவது 8 அடி. தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த நேரத்தில் 101-க்கோ 108-க்கோ அழைப்பு விடுத்தவரின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். "தொழுகை முடிய அரை மணி நேரம்தானே" என்று நாம் எண்ணலாம். மாரடைப்பு அந்த அரை மணி நேரம் காத்திருப்பதில்லை.

சட்டம் கூறுவதையும் அறிந்துகொள்வோம். பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும் வகையில் பொது இடத்தில் வாகனத்தை விட்டுச் செல்லலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு. தெருமுனை, வளைவு, நடைபாதை, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை மற்றும் பள்ளிக்கூட வாயில், பிறர் வீட்டு வாயில் ஆகிய இடங்களில் நிறுத்துவதையும், நின்ற வண்டிக்குப் பக்கத்திலேயே மற்றொன்றை நிறுத்துவதையும் 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லச் சீருடையிலுள்ள காவலர் ஆணையிடலாம். அபராதத்தோடு இழுவைச் செலவும் உரிமையாளரையே சாரும் என்கிறது 127-ஆவது பிரிவு.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வாயிலை மறிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் உரிமை; ஆனால் வீட்டின் முன்னுள்ள சாலை அவருக்குச் சொந்தமன்று. கல்லையும் பூந்தொட்டியையும் வைத்து இடம் பிடிப்பதும், தாமாகவே "நோ பார்க்கிங்" பலகை நடுவதும் முறையாகா. போக்குவரத்துக் குறியீடுகளை அமைக்கும் அதிகாரம் அரசுக்கும் அரசு அனுமதித்த அமைப்புகளுக்கும் உரியது. நம்மில் தெருவாசிகளாக இருப்போரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். அகற்றுவது நன்மையெனில், தொழ வந்த நாமே அதைக் கொண்டுவந்து வைப்பது எவ்வகையில் பொருந்தும்? மதம் எதுவாயினும், அண்டை வீட்டார் நம்மை அளப்பது நமது பயானைக் கேட்டு அன்று. தம் வாயிலில் நாம் நிறுத்திய வண்டியைக் கண்டே.

எனவே சில வேண்டுகோள்கள். அருகில் வசிப்போர் நடந்தே வாருங்கள். கார்களைத் தெருவின் ஒரே ஓரத்தில் மட்டும் நிறுத்துங்கள். தொடர்பு எண்ணைக் கண்ணாடியில் எழுதி வையுங்கள். இகாமத்துக்கு முன் வாகன ஒழுங்கைப் பற்றி அறிவிப்புச் செய்யவும், தெருமுனையில் இளைஞர் இருவரை நிறுத்தவும் நிர்வாகக் குழு ஆவன செய்ய வேண்டும். வாகனம் நிறுத்துமிடங்களை வரையறுக்க 117-ஆவது பிரிவு வழி வகுக்கிறது. அதன்படி நமக்கும் இடம் ஒதுக்கித் தருமாறு போக்குவரத்துக் காவல்துறையிடமும் மாநகராட்சியிடமும் ஜமாஅத் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்.

நாளை நம் வீட்டு ஜனாஸாவும் இதே தெரு வழியாகத்தான் செல்ல வேண்டும். அதற்கான பாதையை இன்றே திறந்து வைப்போம். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.