முதுகில் சஸ்திர சிகிச்சையும் அதன்பின் வரும் நோவும்

(நமது சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் வைத்தியனல்லன், முப்பது வருஷ காலம் வியாபாரத்தில் உழன்றவன். எனினும், முதுகெலும்பில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு மூன்று வருஷம் ஆகிறபடியாலும், அதுமுதல் நம் குடும்பத்தார் பலர் என் வீடு தேடி வந்து ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறபடியாலும், அதற்குரிய விடையைச் சபையில் ஒருமுறை சொல்லிவிடுவது நலமென்று காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். கேள்வி யாதெனில், "ஆபரேஷன் ஆன பிறகும் வலிக்கிறதே, செய்ததெல்லாம் வீண்தானோ?" என்பதே.

கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆயினும் அதனால் நம்மவரிடையே விளைந்திருக்கும் தீங்கு எளியதன்று. பெயர் சொல்லாமல் இரண்டு குடும்பங்களைக் குறிப்பிடுகிறேன். ஜவுளிக் கடை நடத்திவந்த இளைஞர் ஒருவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில் காலில் மறுபடியும் வலி கண்டவுடன், ஆபரேஷன் பழுதாயிற்றென்று வீட்டார் முடிவு செய்து அவரைக் கட்டிலை விட்டு இறங்கவொட்டாமல் எட்டு மாதம் காத்தனர். கடை மூடப்பட்டது, தொடைச் சதையும் வற்றிப்போயிற்று. அவருடைய கதையைக் கேட்ட பெரியவர் ஒருவர், தமக்கு வலப்பாதம் தொங்கத் தொடங்கியும், உடனே சிகிச்சை வேண்டுமென்று வைத்தியர் வற்புறுத்தியும், "முதுகில் கத்தி பட்டால் பிறகு படுக்கைதான்" என்று சொல்லிக் காலங்கடத்தினார். இன்று அந்தப் பாதம் எழும்புவதில்லை. ஒருவர் நோவைக் கண்டு அஞ்சினார். மற்றவர் அவருடைய அச்சத்தைக் கண்டு அஞ்சினார்.

ஆகையால் முதலில் இந்நோய் இன்னதென்று சிறிது விளக்குவது அவசியம். நம் முதுகெலும்புகளுக்கு இடையிடையே வட்டுக்கள் உள்ளன. ஒவ்வொரு வட்டும் வெளியே கெட்டியான நார்வளையமும் உள்ளே குழைந்த சத்துமாக அமைந்தது. நுங்கை நினைத்துக்கொண்டால் போதும். வளையம் கிழிந்து உட்சத்துப் பிதுங்கி, பக்கத்தே செல்லும் நரம்பை நெருக்கும்போது, இடுப்பிலிருந்து பாதம் வரையில் மின்வெட்டுப் போன்ற வலி பாய்கிறது. இடுப்பின் கடைசி இரண்டு வட்டுக்களிலேதான் இது பெரும்பாலும் நேரிடுகிறது. காலில் வரும் இவ்வலிக்குக் காரணம் முதுகிலுள்ள வட்டே என்பதைப் பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-ஆம் வருஷத்தில் எழுதி வெளியிட்ட பின்னரே உலகம் தெளிவாக உணர்ந்தது. 1970-களின் இறுதியிலிருந்து பூதக்கண்ணாடி யந்திரத்தின் உதவியால் சிறு கீறலோடு இச்சிகிச்சையை முடிக்கும் முறை பரவிற்று. எனக்குச் செய்ததும் அதுவே; தழும்பு ஒரு விரல் நீளந்தான்.

வட்டுப் பிதுங்கியவர் யாவருக்கும் கத்தி வேண்டுவதில்லை. பெரும்பாலோர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வலி தானே தணிந்துவிடுகிறது. நார்வே தேசத்து வெபர் என்னும் வைத்தியர், அவசர சிகிச்சை தேவைப்படாத நோயாளிகளை இரு சாராராகப் பிரித்து, ஒரு சாரார்க்கு மட்டும் ஆபரேஷன் செய்வித்து, அதன் பலனை 1983-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களே தெளிவாக நலமடைந்திருந்தனர். பத்து வருஷம் கழித்தோ இரு சாரார்க்கும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. இதிலிருந்து யான் அறிந்துகொண்டது என்னவென்றால், சஸ்திர சிகிச்சை நரம்பின்மேலுள்ள நெருக்கத்தை விரைவில் நீக்குகிறது. புதிய முதுகு ஒன்றைச் செய்து தருவதில்லை. பெரும்பணம் கொடுத்துவிட்டோம், இனி ஒரு நோவும் இராது என்று எண்ணுகிறவர்களே பிற்பாடு அதிகமாகத் துன்புறுகிறார்கள்.

இனி, சிகிச்சைக்குப் பின் வரும் நோவைப் பற்றிச் சொல்கிறேன். இஃது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று புண்ணின் நோவு. தோலும் தசையும் அறுபட்டு ஆறுகிற இடத்தில் உண்டாவது அது. வாரக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். மற்றது நரம்பின் நோவு. பல மாதம் நசுங்கிக் கிடந்த நரம்பு, விடுதலையான அன்றே இயல்புக்கு வந்துவிடாது. பலருக்கு முதல் நாளே காலின் பழைய வலி மறைந்துவிடுகிறது. ஆயினும் வீக்கத்தினாலும் எரிச்சலினாலும் சில நாளோ சில வாரமோ கழித்து அது திரும்ப எட்டிப்பார்ப்பதுண்டு. எனக்கு இருபதாம் நாள் இரவில் அவ்வாறு வந்தது. மனைவியும் மக்களும் விழித்திருக்க, யான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் வைத்தியர் சோதித்துப் பார்த்து, காலின் பலம் குறையவில்லை, ஜுரம் இல்லை, ஆதலால் இது வீக்கத்தின் வேலை என்று சொன்னார். பத்து நாளில் தணிந்தது. மரப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் பின்னரே போகும். சேதமடைந்த நரம்பிழை மறுபடி வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து கால் விரல் வரை உள்ள தூரமோ ஒரு மீட்டர் அளவு. கணக்கில் தேர்ந்த நம்மவர்க்கு மேற்கொண்டு யான் சொல்ல வேண்டுவதில்லை. என் இடக்கால் பெருவிரலின் நுனி இன்றும் பாதி உறக்கத்திலேயே இருக்கிறது.

நோவு என்பது எப்பொழுதும் கேட்டின் அளவைக் காட்டுவதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர், பலத்த காயத்துடன் வந்த வீரர்களிடம் வலி தணிக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, பெரும்பாலோர் வேண்டாமென்றதைக் கண்டு வியந்து 1946-ஆம் வருஷத்தில் எழுதிவைத்தார். அவர்களுக்குக் காயம் என்பது உயிரோடு வீடு திரும்புவதன் அடையாளம். பின்னர் 1965-ஆம் வருஷத்தில் மெல்ஸாக், வால் என்னும் இருவர், முதுகுத் தண்டிலே ஒரு வாயில் இருப்பது போலவும், கீழிருந்து வரும் வலிச் செய்தியை அவ்வாயில் சில வேளை விட்டும் சில வேளை தடுத்தும் அனுப்புவது போலவும் ஒரு கொள்கையை வெளியிட்டனர். அதன் நுட்பங்கள் பிற்காலத்தில் பலவாறு திருத்தப்பட்டன. ஆயினும் அச்சமும் உறக்கமின்மையும் வலியை மிகுவிக்கும் என்பதையும், தைரியமும் நடமாட்டமும் அதைத் தணிக்கும் என்பதையும் இன்று வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளுகின்றனர். வலி பொய் என்று யான் சொல்லவில்லை. அனுபவித்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் நடக்கையில் வலித்தால் உள்ளே ஏதோ அறுந்துவிட்டதென்று பொருளல்ல என்பதை நோயாளியும் அவர் வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

செல்வமும் சிறந்த வைத்தியமும் இருந்தால் இத்துன்பம் இராது என்று நினைப்பவர்க்கு ஒரு திருஷ்டாந்தம். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஜான் கென்னடி முதுகு நோவுக்காக 1944 முதல் 1957 வரையில் நான்கு முறை கத்திக்கு உட்பட்டவர். 1954-ஆம் வருஷம் அக்டோபரில் நியூயார்க்கில் உலோகத் தகடு பொருத்திச் செய்த சிகிச்சைக்குப் பின், கிருமி பற்றி நினைவிழந்து, இறுதிச் சடங்குக்குப் பாதிரியாரை அழைக்கும் நிலை வந்தது. அடுத்த வருஷம் அத்தகட்டையே எடுத்துவிட்டார்கள். ஜனாதிபதியான பின்னும் மருந்தூசிகளால் வலியை மரக்கச் செய்துகொண்டுதான் நாட்களை ஓட்டினார். 1961-ஆம் வருஷத்தின் இறுதியில் ஹான்ஸ் கிரௌஸ் என்னும் வைத்தியர் வந்து, ஊசிகளைக் குறைத்து, வாரம் மும்முறை முறையான தேகாப்பியாசம் செய்வித்த பிறகே அவருக்கு நல்ல தேறுதல் கண்டது. நான்கு ஆபரேஷன்கள் தராததை முறையான அப்பியாசம் ஓரளவு தந்தது. இது வீட்டுத் தாழ்வாரத்திலேயே கிடைக்கக்கூடிய பொருள்.

ஆகவே நடையைப் பற்றிக் கூறுகிறேன். வட்டுச் சிகிச்சை செய்துகொண்டவரைப் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவைத்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நடந்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைப்பது நம்முடைய அன்பு! யான் முதல் வாரத்தில் தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஐந்து முறை, நாளைக்கு நான்கு வேளை நடந்தேன். பிறகு தெருமுனை வரையில். ஆறாம் வாரத்தில் கோயிலின் வெளிப் பிராகாரத்தை இருமுறை வலம் வந்தேன். ஒரு பழைய கணக்கு நோட்டில் அன்றன்று நடந்ததை மட்டும் எழுதினேன், வலித்ததை எழுதவில்லை. நல்ல நாளில் உற்சாகத்தால் இரட்டிப்பாக நடப்பதும், மறுநாள் முழுதும் கிடப்பதும் கூடாது. சிறிது சிறிதாக ஏற்றுவதே முறை.

படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்து, கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டுமென்று எனக்குப் பயிற்சி தந்த அம்மையார் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாயிலிருந்து ஒருக்களித்து எழு என்று என் பாட்டியார் தினமும் அதட்டியது அதுவேயன்றோ! குனிவது, திருகுவது, பாரந் தூக்குவது இம்மூன்றும் வைத்தியர் விடை தரும்வரை ஆகா. நிறைந்த தண்ணீர்க் குடம் பத்துப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதை இடுப்பில் வைப்பது முதுகைத் திருகிக்கொண்டே சுமப்பதாகும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் வீடே தாங்குகிறது. மருமகளுக்கு ஆபரேஷன் என்றால் பத்தாம் நாள் அம்மியண்டை நிற்கிறாள். இது நம்மிடையே உள்ள வழக்கம். யான் கண்டதைச் சொல்கிறேன்.

மருந்தைப் பற்றிச் சில வார்த்தைகள். முதல் நாட்களில் வலி முற்றிய பிறகு மாத்திரை தேடுவதைவிட, சொன்ன வேளைக்குச் சொன்ன அளவில் உட்கொண்டு நடமாடுவதே மேல். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பது வீரமன்று. அதற்கு மாறாக, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் தாமே வாங்கி விழுங்குவதும் அபாயம். வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர் மிகவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். டிரமடால் போன்ற கடுமையானவை தலைசுற்றலும் மலச்சிக்கலும் உண்டாக்கும். நெடுநாள் உண்டால் பழக்கமாகவும் பற்றிக்கொள்ளும். முக்கி மலங்கழிப்பது முதுகுக்குப் பெருந்துன்பமாதலால் கீரை, வாழைத்தண்டு, பழம், போதிய நீர் இவை மருந்தோடு சேர்ந்தவையே. பீடி, சுருட்டு, புகையிலை புண் ஆறுவதைத் தடுக்கும். பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. புண் ஆறுமுன் எண்ணெய் தேய்த்து நீவிவிட வருவோரை வாசலிலேயே உபசரித்து அனுப்பிவிடுக.

எந்த நோவைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்பது முக்கியம். ஜுரம், புண்ணில் சீழ் அல்லது தெளிந்த நீர் கசிதல், எழுந்து உட்கார்ந்தால் கடுந்தலைவலி, பாதம் புதிதாகப் பலமிழத்தல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல் இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். சிறுநீர் இறங்காமை, அல்லது அறியாமலே போய்விடுதல், தொடையிடுக்கில் உணர்ச்சியின்மை இவை தோன்றினால் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்க்கும் இவ்விதி உண்டு.

பார்க்க வரும் உறவினருக்கு ஒரு விண்ணப்பம். வந்தவுடன், "இன்னும் வலிக்கிறதா?" என்று கேளாதீர்கள். நாளொன்றுக்குப் பத்துப் பேர் கேட்டால், மறந்திருந்தவனும் முதுகைத் தடவிப் பார்ப்பான். "இன்று எவ்வளவு தூரம் நடந்தாய்?" என்று கேட்டு, கூடவே தெருமுனை வரையில் நடந்துவிட்டு வாருங்கள். என் தங்கை மகன் தினமும் மாலையில் வந்து, "மாமா, செருப்பை மாட்டுங்கள்" என்பான், வேறொன்றும் பேசமாட்டான். மேற்சொன்ன ஜவுளிக் கடை இளைஞரும் இப்பொழுது பயிற்சியாளர் ஒருவரிடம் நடை பழகி வருகிறார். கடையில் தினம் இரண்டு மணி நேரம் உட்காருகிறார். நடுநடுவே எழுந்து நடக்கிறார். வலி இன்னும் உண்டு. கடையும் திறந்திருக்கிறது.

கடைசியாக, நமது சங்கத்துக் கலியாண மண்டபத்தைப் பற்றி ஒரு காரியம். அங்கே தரையில் இலை போட்டுப் பந்தி நடத்துவதே வழக்கமாக இருக்கிறது. கழிவறைகளும் குத்திட்டு அமரும் வகையினவாகவே உள்ளன. இவ்விரண்டையும் அஞ்சி, முதுகு சிகிச்சை செய்துகொண்டவர்களும் முழங்கால் நோவுடைய முதியோரும் சொந்தப் பேரன் பேத்தியின் கலியாணத்துக்கே வராமல் நின்றுவிடுவதை யான் அறிவேன். பந்திக் கூடத்தில் ஒரு வரிசை மேஜை நாற்காலியும், கீழ்த்தளத்தில் கைப்பிடியுடன் கூடிய மேனாட்டு முறைக் கழிவறை ஒன்றும் அமைக்க நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நாற்காலிகளில் நான்கிற்கு ஆகும் செலவை யான் ஏற்றுக்கொள்ளுகிறேன். அவை கைப்பிடி உள்ளனவாகவும், உயரம் சற்றுக் கூடியனவாகவும் இருக்கட்டும்.