கோல் போட்டவருக்கு மட்டும்தானா புகழ் மண்டபம்?

(ஓய்வுபெற்ற காற்பந்து ஆட்டக்காரர்களில் யாருக்குப் புகழ் மண்டபத்தில் இடம் என்பது பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் பேசிய நண்பர் எண்ணிக்கையைக் கையில் எடுத்தார். மொக்தார் டஹாரி 142 ஆட்டங்களில் 89 கோல்கள் போட்டவர், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். மொக்தாரைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. 1975இல் அர்செனல் குழு இங்கே வந்தபோது சிலாங்கூர் தேர்வுக் குழு 2-0 என்று வென்றது. இரண்டு கோல்களும் அவருடையவை. 1978இல் இங்கிலாந்து 'பி' குழுவோடு 1-1 என்று சமமானபோது நம் கோலைப் போட்டவரும் அவரே. 1991இல் 37 வயதில் அவர் இறந்தபோது அழாத தமிழ் வீடு கிள்ளானில் குறைவு. அவருக்கு இடம் உண்டா இல்லையா என்று விவாதிப்பது நேரத்தை வீணாக்குவதாகும்.

ஆனால் அவரை அளந்த அதே முழக்கோலால் மற்றவர்களையும் அளக்கப் போகிறோமா? என் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கோல் போடுகிறவருக்குக் கணக்கு இருக்கிறது. தடுக்கிறவருக்கு என்ன கணக்கு இருக்கிறது? கோல் காவலர் பெயர் பக்கத்தில் எழுதப்படும் எண், மற்றவன் போட்ட கோலின் எண். அவர் பிடித்த பந்துகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. உலகமே அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதை இதுவரை பெற்ற ஒரே கோல் காவலர் ரஷ்யாவின் லெவ் யாஷின், அதுவும் 1963இல். 2014இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு தன் புகழ் மண்டபத்தைத் தொடங்கிப் பத்துப் பேரை ஏற்றியது. நம் சோ சின் ஆன் அதில் இருந்தார், இந்தியாவின் பாய்ச்சுங் பூட்டியா இருந்தார். மகிழ்ச்சிதான். அந்தப் பத்துப் பேரில் ஒரு கோல் காவலரைக் காட்டுங்கள் பார்ப்போம்! இல்லை.

ஆகவே நான் முன்மொழியும் முதல் பெயர் ஆர். ஆறுமுகம்.

நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த மனிதர். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற குழுவில் இருந்தார். 1977லும் 1979லும் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற குழுக்களில் இருந்தார். மாநில அளவில் பாருங்கள்: 1975, 1976, 1978, 1979 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரும் சிங்கப்பூரும்தான் மோதின. நான்கிலும் வென்றது சிலாங்கூர். அந்தக் காலத்துச் சிலாங்கூர் கோலுக்கு முன் நின்ற பெயர் எது என்று தெங்கு கிளானா சாலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். சொல்வதோடு விட மாட்டார், எழுந்து நின்று கையை விரித்தும் காட்டுவார்.

பிறகு 1980. மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றோம். ஹசான் சானி கொடுத்த பந்து, ஜேம்ஸ் வோங் அடித்த கோல் என்று இன்றும் ஒப்பிக்கிறோம். அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கொரியர்கள் சும்மாவா நின்றிருப்பார்கள்? ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. அரசாங்கம் எடுத்த முடிவு சரியா தவறா என்று பேசுவதற்கு இது மேடை அல்ல. ஆனால் அந்த முடிவு ஆட்டக்காரர்கள் செய்த பிழை அல்ல.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஹாங் ஜெபாட் சாலையில், அதே மெர்டேக்கா அரங்கத்துக்கு அருகில், மலேசிய ஒலிம்பிக் மன்றத்தின் கட்டடத்தில் ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நம் காற்பந்துக் குழுவை 2004இல் அதில் ஏற்றினார்கள். நல்ல காரியம். மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றாலும், அமெரிக்காவை 3-0 என்று வென்ற குழு அது. ஆனால் ஒலிம்பிக் திடலில் கால் வைத்ததுதான் தகுதி என்று காற்பந்துக்கும் விதி செய்தால், மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றும் போக முடியாதவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். 1972 குழுவில் ஆறுமுகம் இல்லை, சந்தோக் சிங் இல்லை, மொக்தாரே இல்லை!

'ஓலா போலா' படம் 2016இல் வந்தபோது இளைஞர்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். அதில் வரும் முத்து என்ற கோல் காவலர் பாத்திரத்துக்குக் கைதட்டினார்கள். முத்துவைத் தெரிகிறது, ஆறுமுகத்தைத் தெரியவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் 35 வயதில் போய்விட்டவர், பேட்டி கொடுக்கவோ பழங்கதை சொல்லவோ இல்லாமல் போனார். இருப்பவர் தமக்காகப் பேசிக்கொள்ள முடியும். இறந்தவருக்காக மண்டபம்தான் பேச வேண்டும்.

இரண்டாவதாகப் பேசிய அம்மையார், இந்தியர்களுக்கென்று இத்தனை இடம் என ஒதுக்கக் கேட்டார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒதுக்கீட்டில் ஏற்றினால் ஆறுமுகத்தைச் சிறுமைப்படுத்துகிறோம். "நம்மவர் ஒருவர் வேண்டுமே என்று வைத்தார்கள்" என்று நாளைக்கு ஒருவன் சொல்வான். அந்த வார்த்தை அந்த மனிதருக்கு எதற்கு? முன்னால் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் தடுத்தார்கள், பின்னால் ஆறுமுகம் பிடித்தார், எதிர்முனையில் மொக்தார் அடித்தார். அந்த வரிசையில் ஒருவரை எடுத்துவிட்டால் மற்ற மூவர் கதையும் நிற்காது. இனத்தைச் சொல்லாமலே வெல்லக்கூடிய வழக்கு இது.

இரண்டாவது பெயர் என். தனபாலன். 1960களின் தாக்குதல் ஆட்டக்காரர், ஆசிய நட்சத்திரக் குழுவுக்குத் தேர்வானவர். இவர் விஷயத்தில் சிக்கல் வேறு. நம் நாட்டில் தொலைக்காட்சியே 1963 டிசம்பரில்தான் தொடங்கியது. அவருடைய ஆட்டத்தை இன்றைய தேர்வாளர்களுக்குப் போட்டுக் காட்டப் படச்சுருள் எங்கே? கண்ணால் கண்டவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. எண்ணிக்கையை நம்பலாம் என்றால் அதுவும் ஒழுங்காக இல்லை. சோ சின் ஆன் நாட்டுக்காக எத்தனை முறை ஆடினார்? ஒரு பட்டியல் 195 என்கிறது, வேறு சில 200ஐத் தாண்டுகின்றன. 'பி' குழுக்களோடும் கிளப்புகளோடும் ஆடியதைச் சேர்ப்பதா, தள்ளுவதா என்ற குழப்பம்தான் காரணம். உலகம் அறிந்த ஒருவருக்கே இந்த நிலை.

சான்று வேண்டுமென்றால் பழைய நாளேடுகளைத்தான் புரட்ட வேண்டும். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. அதன் விளையாட்டுப் பக்கங்களில் இருந்ததெல்லாம் இந்த வழக்குக்கு ஆவணம். வேடிக்கை என்னவென்றால், இன்று வீட்டில் உட்கார்ந்து பழைய மலேசியக் கிண்ண ஆட்டச் செய்திகளைத் தேடுகிறவன் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்புக்குத்தான் போகிறான். நம்மிடம் நான்கு இறுதியாட்டங்களில் தோற்றவர்கள், நாம் வென்ற செய்தியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

எம். சந்திரனைப் பற்றிக் கேட்டார்கள். தேசியக் குழுவின் தலைவராக இருந்த தற்காப்பு வீரர். மியூனிக் குழுவோடு சேர்ந்து ஒலிம்பிக் மன்றத்தில் ஏறிவிட்டார். ஆனால் குழுவோடு ஏறுவதும் தன் பெயரில் ஏறுவதும் ஒன்றல்ல. காற்பந்துக்கென்று வைக்கும் மண்டபத்தில் அவருக்குத் தனிப் பலகை வேண்டும். கே. ராஜகோபால் வேறு வகை. சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர்தான் என்றாலும், 2009 வியந்தியானில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சீ போட்டித் தங்கத்தையும், 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் பெற்றுத் தந்தது பயிற்றுநர் ராஜகோபால். அவரைப் பயிற்றுநர் பிரிவில் ஏற்றுங்கள், முதல் ஆளாக ஏற்றுங்கள். ஆட்டக்காரர் வரிசையில் நுழைத்துக் குழப்ப வேண்டாம்.

1994 சூதாட்ட விவகாரத்தையும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார். 21 பேர் நீக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநிறுத்தப்பட்டார்கள். என் பதில் சுருக்கமானது. குற்றம் உறுதியாகித் தண்டனை பெற்றவர் எத்தனை கோல் போட்டிருந்தாலும் வேண்டாம். விசாரணைக்கு அழைக்கப்பட்டார் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் தள்ளவும் வேண்டாம்.

தேர்வுக் குழுவில் அதிகாரிகள் மட்டும் உட்காரக் கூடாது. எதிர்த்து ஆடியவர்களையும் உட்கார வையுங்கள். ஒரு கோல் காவலர் எவ்வளவு பெரியவர் என்பது அவரைத் தாண்டிப் பந்தை அனுப்ப முடியாமல் தவித்தவனுக்குத்தான் தெரியும். கோலாலம்பூரில் ஒரு கூட்டம் போடுங்கள், கிள்ளானில் ஒன்று, பிரிக்பீல்ட்ஸில் ஒன்று. பழைய ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் வந்து சொல்வதைப் பதிவு செய்யுங்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேயர்கள் வீட்டில் அப்பாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். நுழைவுச் சீட்டு, குழுப் படம், நாளேட்டுத் துண்டு எது இருந்தாலும், வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

முதல் ஆண்டுக்கு நான் கேட்பது மூன்றே பெயர்கள்: ஆறுமுகம், தனபாலன், சந்திரன். எதிர்க்கருத்து உள்ளவர்கள் பேசட்டும், கேட்கக் காத்திருக்கிறேன்.