கடன் நோட்டும் கைக்காசும்



2012இல் பல நிறுவனப் பொருள்களை விற்கும் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை நடுவண் அரசு அனுமதித்தது. நம் மாநில அரசு அதை ஏற்க மறுத்தது. ஆனால் எங்கள் நாயுடுபுரம் போன்ற ஊரில் மளிகைக் கடையை மூடவைக்க வெளிநாட்டு நிறுவனம் வரவேண்டியதில்லை. நம் பழக்கமே போதும். கையில் காசிருந்தால், ஊருக்கு ஊர் கிளை விரிக்கும் பெரிய அங்காடிக்குப் போகிறோம். மாதக் கடைசியில் கடன் நோட்டோடு தெருமுனைக் கடைக்கு வருகிறோம். லாபம் அங்கே, பாக்கி இங்கே. அந்தக் கடை எத்தனை நாள் தாங்கும்?

2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்து, மின்சாரத்தை நிறுத்தி, மலைச்சாலையை மறித்ததை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நாளில் முகம் பார்த்துப் பொருள் தருபவர் யார்?

இது நீதியின் காரியம். சிறிய அமைப்புகளால் செய்ய முடிந்ததைப் பெரியவை பறித்துக்கொள்வது அநீதி என்று 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் போதித்தார். அன்பு ஒன்றே நமக்குள் தீராத கடனாக இருக்கவேண்டும் என்று பவுலடியார் உரோமையருக்கு அறிவுறுத்தினார்.

எனவே இந்த வாரம் பழைய பாக்கியைத் தீர்ப்போம். ரொக்கம் கொடுத்து ஒரு கிலோ அரிசியாவது அங்கே வாங்குவோம்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.