மாண்ட்கோமரியின் சமையற்கட்டுகள்



அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் தலைநகரம் மாண்ட்கோமரி. 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் அங்கே கைதானார். கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் தலைமை ஏற்றார். இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதுதான். ஆனால் 381 நாள் நீடித்த அந்தப் போராட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பேருந்தில் போனவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் சமைத்த, துணி துவைத்த பெண்கள். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. கறுப்பின டாக்சிக்காரர்கள் முதலில் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிப் போனார்கள். 45 சென்ட்டுக்குக் குறைத்து வாங்கக் கூடாது என்று நகர நிர்வாகம் கண்டிப்புக் காட்டியது. உடனே கிறிஸ்தவ சபை மக்கள் தங்கள் சொந்தக் கார்களைக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 300 கார்கள். பிறகு சபைகளின் பெயரிலேயே ஸ்டேஷன் வேகன்கள் வாங்கி ஓட்டினார்கள். பக்கவாட்டில் சபையின் பெயர் எழுதிய அந்த வண்டிகளை, உருளும் ஆலயங்கள் என்று ஊரே அழைத்தது. காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டபோது, லண்டன் லாயிட்ஸ் மூலம் காப்பீடு கிடைத்தது.

வண்டி ஓட பெட்ரோல் வேண்டுமே! இங்கேதான் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா வருகிறார். சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு 14 டாலர் திரட்டினார். கோழியும் ரொட்டியும் வாங்கி, சாண்ட்விச் செய்து, போராட்டக் கூட்டத்தில் விற்றார். அடுத்து பொரித்த மீன், கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' பலகாரம். அழகு நிலையம், சலவைக்கடை, டாக்சி நிறுத்தம் என்று எங்கும் விற்றார்கள். வாங்கித் தின்றவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. அந்தக் குழுவின் பெயர் 'கிளப் ஃப்ரம் நோவேர்', அதாவது 'எங்கிருந்தும் வராத குழு'. காசு எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டாலும், எங்கிருந்தும் இல்லை என்று உண்மையாகவே பதில் சொல்லலாம். சமைத்துக் கொடுத்தவர் யாரென்று முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். திங்கட்கிழமை இரவுக் கூட்டங்களில் கில்மோர் எழுந்து அந்த வாரத்து வசூலைச் சொல்வார். ஆலயமே தரை அதிரக் காலைத் தட்டி ஆரவாரிக்கும்.

1956 மார்ச்சில் இந்தப் போராட்டம் தொடர்பாகக் கிங் மீது வழக்கு நடந்தபோது கில்மோர் சாட்சி சொன்னார். கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக ஏறச் சொல்லி, அவர் இறங்கியதும் வண்டியைக் கிளப்பிப் போன ஓட்டுநரைப் பற்றிச் சொன்னார். அதனால் கில்மோரின் வேலை போயிற்று. கிங் ஊக்குவிக்க, தன் வீட்டையே சாப்பாட்டுக் கடையாக்கினார்.

தர்ம காரியம் சபையின் வேலை, நியாயம் கேட்பது அரசியல் என்று நம் ஊரிலும் சிலர் ஒதுங்கிப் போவதைப் பார்க்கிறேன். அந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. மாண்ட்கோமரியில் ஒரு துண்டு கேக் விற்ற காசு, கால் வலித்த ஒரு பாட்டியை வீட்டில் சேர்த்தது. அதே காசு ஒரு சட்டத்தையும் அசைத்தது.

1956 நவம்பர் 13 அன்று இந்தக் கார்ப் போக்குவரத்துக்கு உள்ளூர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே நாளில், பேருந்தில் நிறம் பார்த்து இருக்கை ஒதுக்குவது செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆணை வந்து சேரும்வரை மக்கள் நடந்தே போனார்கள். டிசம்பர் 21 அன்று, விரும்பிய இருக்கையில் அமர்ந்தார்கள்.

அந்தக் குழுவில் இருந்த பல பெண்களின் பெயர் இன்றுவரை தெரியாது. நேயர்களே, உங்கள் சபையிலோ கோயிலிலோ பள்ளிவாசலிலோ ஒரு நல்ல காரியம் நடந்தால், பேசியவர்களின் பெயரோடு சமைத்தவர்களின் பெயரையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.