வளைகோட்டின் மேல் ஒரு புள்ளி



கரும்பலகையின்றி வடிவ கணிதம் பேசத் துணிந்திருக்கிறேன். தாளும் எழுதுகோலும் வைத்திருப்போர் என்னுடன் கணக்கிட்டு வரலாம்.

கிடையாக ஒரு கோடும் அதற்குச் செங்குத்தாக மற்றொரு கோடும் வரைந்துகொண்டால், தளத்திலுள்ள எந்தப் புள்ளியையும் இரண்டு எண்களால் குறித்துவிடலாம். ஒன்று கிடைத்தூரம், மற்றொன்று குத்துத்தூரம். 1637-இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் வெளியிட்ட நூல் இந்த நெறிக்கு வித்திட்டது.

பள்ளியில் ஒரு தூரத்திற்கு மதிப்புக் கொடுத்து, மற்றதைக் கணக்கிட்டு, கட்டத்தாளில் குறித்து இணைக்கிறோம். "கோடு வரைந்தாயிற்று, இனித் தேட என்ன இருக்கிறது?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. இருக்கிறது. இரு தூரங்களும் முழு எண்ணாகவோ பின்னமாகவோ அமையும் புள்ளிகளைக் கண்டறிவதே அந்தத் தேட்டம்.

இலண்டனில் நோயுற்றிருந்த இராமானுஜனைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சுவையொன்றும் இல்லை என்றும் கூறினார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தால் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் அதுவே.

இதனை வடிவ கணிதமாகப் பார்ப்போம். இரு தூரங்களின் கனங்களும் சேர்ந்து 1729 ஆகும் வளைகோடு ஒன்று உண்டு. கிடைத்தூரத்தை 2 என்று கொண்டால், குத்துத்தூரம் 1721-இன் கனமூலம் ஆகிறது. அது முழு எண்ணுமன்று, பின்னமுமன்று. ஆயினும் 1, 12 என்ற புள்ளியும் 9, 10 என்ற புள்ளியும் நம் கையில் உள்ளன. அவ்விரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து நீட்டுங்கள். அது வளைகோட்டை மூன்றாம் இடத்தில் வெட்டும். அவ்விடங்களைத் தரும் முப்படிச் சமன்பாட்டின் மூன்று மூலங்களின் கூட்டுத்தொகை ஒரு பின்னம். இரண்டு மூலங்கள் 1, 9 எனத் தெரிந்தமையால் மூன்றாவதும் பின்னமாகவே இருக்கும். அப்புள்ளியின் கிடைத்தூரம் −37/3, குத்துத்தூரம் 46/3. சரிபாருங்கள்: 46-இன் கனம் 97,336, அதிலிருந்து 37-இன் கனமாகிய 50,653-ஐக் கழித்தால் 46,683, அதனை 27-ஆல் வகுத்தால் 1729.

ஒரே புள்ளி தெரிந்தால், அங்கே தொடுகோடு வரையலாம். கனங்கள் சேர்ந்து 9 ஆகும் வளைகோட்டில் 1, 2 என்ற புள்ளியிலிருந்து தொடங்குங்கள். −17/7, 20/7 கிடைக்கும்.

எல்லா வளைகோடுகளும் இவ்வாறு வழங்குவதில்லை. கனங்கள் சேர்ந்து 1 ஆகும் கோட்டில் இத்தகைய புள்ளிகள் இரண்டே: 1, 0 என்பதும் 0, 1 என்பதும். அவற்றை இணைக்கும் நேர்கோடு மூன்றாம் இடத்தில் வெட்டுவதே இல்லை. இத்தகைய முப்படி வளைகோடுகளில், எண்ணத்தக்க சில புள்ளிகளிலிருந்தே மற்றெல்லாவற்றையும் இம்முறையால் பெறலாம் என்று 1922-இல் மார்டெல் நிறுவினார். ஆனால் அந்த முதற்புள்ளி உண்டா இல்லையா என்பதை எல்லா முப்படிக் கோடுகளுக்கும் தவறாது காட்டும் வழியை இன்றுவரை எவரும் நிறுவவில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, கோட்டை வரைந்தவுடன் எழுதுகோலைக் கீழே வைத்துவிடாதீர்கள். தெரிந்த புள்ளியிலிருந்து தெரியாத புள்ளிக்கு வழியுண்டா என்று கேளுங்கள். கணிதம் அங்கேதான் தொடங்குகிறது.